இழப்பில் பிறக்கும் உறுதி

கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்தால் கிடைக்கும் களியை விரலால் மெல்ல அழுத்த, அது நெகிழும். சற்று மிகுதியாக அழுத்த, பிளந்துவிடும். நீரைத் தன்னுள் தேக்கிவைத்திருக்கும் பலபடி வலைப்பின்னலே அக்களி. இத்தகைய பொருள்கள் நீர்க்களிகள் எனப்படும்.

மூட்டுகளில் உள்ள குருத்தெலும்பும் பெரும்பகுதி நீரால் ஆனதே. எனினும், அது உடலின் எடையை நெடுங்காலம் தாங்குகிறது. குருதிக்குழாய்கள் இல்லாமையால், ஒருமுறை சிதைந்தால் அது எளிதில் மீள்வதில்லை. அதற்கு மாற்றாக நீர்க்களியை அமைக்க விழைந்தோர்க்கு, அதன் எளிதில் பிளவுறும் தன்மையே பெருந்தடையாயிற்று.

நீர்க்களி பிளவுபடுவது ஏன்? அதன் பலபடிச் சங்கிலிகள் ஒரே நீளமுடையவை அல்ல. இழுக்கும்போது குறுகிய சங்கிலிகள் முதலில் அறும். அங்கே தோன்றும் விரிசலின் முனையில் விசை குவியும். அவ்விசையைப் பகிர்ந்துகொள்ள வழியின்மையால் விரிசல் தடையின்றி ஓடும்.

2003ஆம் ஆண்டு ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கோங் குழுவினர் இதற்கொரு தீர்வு கண்டனர். விறைப்பான வலை ஒன்றினுள் நெகிழ்வான நீண்ட சங்கிலிகளாலான மற்றொரு வலையைப் பின்னினர். இழுவிசை மிகும்போது விறைப்பான வலை பல இடங்களில் அறுந்து ஆற்றலைச் செலவிடுகிறது. நெகிழ்வான வலையோ களியைச் சிதறாமல் பிடித்துக்கொள்கிறது. முழுமையைக் காக்கத் தாம் அறும் இவை ஈகப் பிணைப்புகள் எனப்படும். ஏறத்தாழ 90 விழுக்காடு நீரைக் கொண்டிருந்தும் இக்களி 17 மெகாபாஸ்கல் அளவிலான அழுத்தத்தைத் தாங்கியது.

ஆயினும், ஒருமுறை அறுந்த வலை மீண்டும் இணைவதில்லை. அடுத்த முறை இழுக்கையில் களி தளர்ந்திருக்கும். இக்குறையைக் களையும் முயற்சியாக, 2012ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஆல்ஜினேட்டைப் பாலிஅக்ரிலமைடுடன் இணைத்தனர். ஆல்ஜினேட் சங்கிலிகளைக் கால்சியம் அயனிகள் பிணைத்தன. விசை மிகும்போது விலகும் அப்பிணைப்புகள், விசை நீங்கியபின் ஓய்வளித்தால் பெருமளவு மீண்டும் இணைந்தன. அக்களி தன் நீளத்தைப்போல் இருபது மடங்குவரை நீண்டது.

இவ்வலிமைக்கும் எல்லை உண்டு. நெகிழ்வான வலையின் சங்கிலிகளும் அறத் தொடங்கினால் விரிசல் முன்னேறும். ஒருமுறை தாங்கும் சுமையைவிடக் குறைந்த சுமையும், பல்லாயிரம் முறை ஏறியிறங்கினால் அவற்றைச் சிறிது சிறிதாக அறுத்துவிடும். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமையை ஏற்கிறது. ஆகவே, நீர்க்களி எவ்வளவு நீள்கிறது என்பதைவிட, எத்தனை முறை சுமையேற்றும் சிதையாதிருக்கிறது என்பதே அதன் தகுதியை உறுதிசெய்யும்.