கடல் கடந்து போய் பஸ் ஓட்டுவதா?

"உங்க மாப்பிள்ளை லண்டன்ல என்ன பண்றார்?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், "பேங்க்" என்றோ "கம்ப்யூட்டர்" என்றோ பளிச்சென்று சொல்லிவிடுகிறோம். "பஸ் ஓட்டறார்" என்று சொல்ல மட்டும் ஏனோ தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதிலும் "எம் பொண்ணுதான் பஸ் ஓட்டறா" என்று சொல்லவேண்டி வந்தால் கேட்கவே வேண்டாம்! "இதுக்கா அவ்வளவு தூரம் போனா?" என்ற கேள்வி வாயில் வராவிட்டாலும் கண்ணில் வந்துவிடும்.

கேட்பவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, சகோதரிகளே. அந்த டிரைவர் சீட்டில் உட்கார எத்தனை பரீட்சை எழுதவேண்டும், அந்த சீட்டுக்காக எத்தனை பேர் போராடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் தலைகுனிய மாட்டோம். இங்கிலாந்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டு பார்ப்போமா?

கடன் வாங்கிக் கப்பலேறியவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனில் பஸ்ஸும் ரயிலும் ஓட்ட ஆள் பற்றாக்குறை. 1956-ல் 'லண்டன் டிரான்ஸ்போர்ட்' நிறுவனம் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸுக்கே சென்று ஆள் எடுக்க ஆரம்பித்தது. ஆண்களும் போனார்கள், பெண்களும் போனார்கள். பயணச் செலவுக்குப் பார்படோஸ் அரசு கடன் கொடுத்தது. சம்பளம் வர வர அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கவேண்டும். 1966-ல் ஜமைக்காவிலும் டிரினிடாடிலும் இப்படியே ஆள் எடுத்தார்கள். வெயிலிலே பிறந்து வளர்ந்தவர்கள் அந்தக் குளிரில் விடியற்காலை டிப்போவுக்கு நடந்து போயிருப்பதை நினைத்துப் பாருங்கள்!

எல்லா ஊரிலும் கதவு திறந்திருக்கவில்லை. பிரிஸ்டல் நகரத்து பஸ் கம்பெனி, வெள்ளையர் அல்லாதவர்களை பஸ்ஸில் டிரைவராகவோ கண்டக்டராகவோ சேர்க்க மறுத்தது. 1963-ல் கை பெய்லி என்ற வாலிபர் வேலைக்கு மனுப் போட்டார். இன்டர்வியூவுக்கு நேரமும் குறித்தார்கள். அவர் மேற்கிந்தியத் தீவுக்காரர் என்று தெரிந்ததும், "இன்டர்வியூ கிடையாது" என்று கைவிரித்துவிட்டார்கள்.

பால் ஸ்டீபன்சன், ராய் ஹாக்கெட் முதலானவர்கள் முன்னின்று, "அந்த பஸ்ஸில் ஏறாதீர்கள்" என்று ஊருக்குச் சொன்னார்கள். ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்த பகிஷ்காரம் நான்கு மாதம் நீடித்தது. 1963 ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி இறங்கி வந்தது. அடுத்த மாதமே அந்தக் கம்பெனியில் வெள்ளையர் அல்லாத முதல் கண்டக்டராகச் சேர்ந்தவர் யார் தெரியுமா? ரக்பீர் சிங் என்ற சீக்கியர்! இன வேற்றுமையைத் தடுக்கும் முதல் சட்டம் 1965-ல் பிரிட்டனில் வந்தது. 1968-ல் அது வேலைக்கும் வீட்டுக்கும் விரிவாக்கப்பட்டது.

உள்ளே போன பிறகும் தொல்லை தீரவில்லை. 1967-ல் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் தர்சேம் சிங் சந்து என்ற பஸ் டிரைவர் தாடியும் தலைப்பாகையுமாக வேலைக்கு வந்தார். யூனிஃபாரம் விதிப்படி இது கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு, 1969-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

பெண் கையில் ஸ்டியரிங்

இரண்டு உலகப் போர்களின் போதும் லண்டன் பெண்கள் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தார்கள். ஆனால் ஸ்டியரிங்கை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. ஜில் வைனர் என்ற பெண்மணி 1974-ல்தான் லண்டனின் முதல் பெண் பஸ் டிரைவரானார். நம் ஊரிலோ, கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993-ல் அரசு பஸ் டிரைவராக வேலைக்குச் சேர்ந்தார். லண்டனுக்கும் நமக்கும் இதில் இருபது வருஷம்கூட வித்தியாசமில்லை! இரண்டு இடத்திலும் இன்றைக்கும் பெண் டிரைவர்கள் சொற்பம்தான்.

எப்படிச் சேருவது?

கணவருடன் புது நாட்டுக்குப் போயிருக்கிறீர்கள். இங்கே படித்த படிப்பை அங்கே சட்டென்று ஏற்க மாட்டேன் என்கிறார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. வேலை பார்க்க விசாவில் அனுமதி இருக்கிறது. 'நானும் முயற்சி செய்து பார்க்கலாமா?' என்று தோன்றுகிறதா? பிரிட்டனில் இதுதான் வழி:

முதலில் கார் லைசென்ஸ். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை கார் ஓட்டலாம். அதற்குமேல் அந்த நாட்டுப் பரீட்சையில் தேறியே ஆகவேண்டும். வண்டி இடது பக்கம் போவது நம் ஊர் மாதிரியேதான். அந்த மட்டில் நிம்மதி. (கனடாவில் என்றால் எல்லாம் வலம் இடமாக மாறிவிடும்.)

அடுத்தது வைத்தியப் பரிசோதனை. கண், இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு என்று டாக்டர் பார்த்து எழுதித் தரவேண்டும். கண் பார்வை விதி கார் ஓட்டுபவர்களுக்கு உள்ளதைவிடக் கடுமை. சர்க்கரை வியாதியை மட்டும் மறைக்கவே கூடாது. 45 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பரிசோதனை உண்டு.

அப்புறம் பரீட்சைகள். 100 கேள்வி கொண்ட தாள் ஒன்று. 85-க்காவது சரியான விடை வேண்டும். சாலையில் எங்கே அபாயம் வருகிறது என்று கண்டுபிடிக்க 19 படத் துணுக்குகள். 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கும் பரீட்சை இன்னொன்று. பிறகு பெரிய வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்டவேண்டும். சாலையில் ஓட்டிக் காட்டவேண்டும். வண்டியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்று செய்தும் காட்டவேண்டும். வேலை கிடைத்துவிட்டால் தீர்ந்தது என்று இல்லை. ஐந்து வருஷத்துக்குள் 35 மணி நேரம் மறுபடி பயிற்சிக்குப் போகவேண்டும்.

பல பஸ் கம்பெனிகள் தாங்களே பயிற்சி கொடுத்து, பயிற்சிக் காலத்தில் சம்பளமும் தருகின்றன. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் கம்பெனிகளும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்!

வண்டி ஓட்டுவது பாதிதான்

ஓட்டப் பழகிவிடலாம். புது ஊர் மனுஷர்களோடு பழகுவதுதான் மீதிப் பாதி. கிழவர் கைத்தடியோடு ஏறி உட்காரும்வரை வண்டியை எடுக்கக்கூடாது. பிரேக்கைப் பால் பொங்காமல் அடுப்பைத் தணிப்பது போல இதமாகப் போடவேண்டும். சில்லறைத் தகராறு மட்டும் லண்டனில் இல்லை; 2014 ஜூலையிலிருந்து அங்கே பஸ்ஸில் காசு வாங்குவதே கிடையாது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். தள்ளுவண்டியில் குழந்தை தூங்குகிறது. சக்கர நாற்காலிக்கான இடத்தில் அம்மா அதை நிறுத்தியிருக்கிறாள். அடுத்த நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருக்கிறார். டிரைவர் என்ன செய்வார்? 2012-ல் டக் பாலி என்பவருக்கு இப்படி இடம் கிடைக்காமல் போய், வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 'தயவு செய்து நகருங்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டதோடு டிரைவர் விட்டுவிடக் கூடாது, அதற்கு மேலும் முயற்சி எடுக்கவேண்டும் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. அந்நிய பாஷையில், கோபப்படாமல், இரண்டு பேர் மனமும் நோகாமல் இதைச் சொல்ல எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்! கூட்டுக் குடும்பத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இது கைவந்த கலை என்கிறீர்களா? அதுவும் சரிதான்!

உடம்பு பத்திரம்

உட்கார்ந்தே பார்க்கும் வேலை உடம்புக்கு என்ன செய்யும் என்பதை உலகத்துக்குச் சொன்னதே லண்டன் பஸ்தான். டாக்டர் ஜெரி மோரிஸ் என்பவர் லண்டன் டிரான்ஸ்போர்ட் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், யூனிஃபாரம் அளவுகளையும் எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவுதான் அதிகம்!

ஆகவே வீட்டில் பஸ் ஓட்டுபவர் ஆணோ பெண்ணோ, இவற்றைக் கவனியுங்கள்:

* உள்ளூர் பஸ் டிரைவர் ஐந்தரை மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு எடுக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த அரை மணியில் பத்து நிமிஷமாவது நடக்கவேண்டும்.

* சாப்பாட்டு டப்பாவில் சாதத்தைக் குறைத்துக் காய்கறி, பயறு, முட்டை என்று கூட்டுங்கள். பாரமாகச் சாப்பிட்டால் ஸ்டியரிங் முன்னால் கண் சொக்கும்.

* 'பாத்ரூம் போக முடியாதே' என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஆகாது. நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். கடைசி நிறுத்தங்களில் கழிப்பறை இல்லை என்ற குறை லண்டன் டிரைவர்களுக்கும் வெகு காலம் இருந்தது. 2018-ல் மேயர் சாதிக் கான் இதற்கென்றே நிதி ஒதுக்கினார். வாய் திறந்து கேட்டதால்தான் கிடைத்தது!

* விடியற்கால ஷிஃப்ட் என்றால் முதல் நாள் ராத்திரி சீக்கிரம் படுக்க விடுங்கள். ஊரிலிருந்து நாம் போன் செய்வதாக இருந்தாலும், அங்கே இப்போது மணி என்ன, என்ன ஷிஃப்ட் என்று தெரிந்துகொண்டு செய்வோம்.

* தூக்கம் வரவழைக்கும் ஜலதோஷ மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொண்டு வண்டி எடுக்கக்கூடாது.

குடும்பம் தரும் பலம்

பரீட்சைக்குப் படிக்கும்போது சாலை விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் பதில் சொல்லலாம். காய் நறுக்கிக்கொண்டே செய்யலாம். குழந்தைகளைக் கேட்கச் சொன்னால் அவர்களுக்கும் குஷி. முதல் தடவை தவறிவிட்டால் 'போச்சு, எல்லாம் போச்சு' என்று உட்காராமல் மறுபடி எழுதலாம், அனுமதி உண்டு.

புது நாட்டில் முதல் ஆறு மாதம், தெருமுனைக் கடைக்குப் போகக்கூட வழி கேட்கவேண்டியிருக்கும். பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டவருக்கு அந்த ஊரின் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மார்க்கெட், கல்லறை எல்லாம் மனப்பாடம். அந்த ஊரிலேயே பிறந்தவர்கள் வந்து, "இந்த பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுமா?" என்று அவரிடம்தான் கேட்கிறார்கள். "போகும், ஏறுங்கள்" என்று அவர் பதில் சொல்கிறார். அந்தப் பதிலைச் சொல்லும் இடத்துக்கு வர அவர் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால், எந்த அம்மாவுக்கும் பெருமைதான் மிஞ்சும்.