வீட்டுக் காருக்கு மெஷின் பாலிஷ் போடுமுன்...

சேலம், நாமக்கல் பக்கத்தில் வண்டி என்பது வீட்டு மனுஷர் மாதிரி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள் என்று ஊரே சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. ஆயுத பூஜை நெருங்கினால் வாசலில் நிற்கும் சின்னக் காருக்கும் யோகம்தான். இப்போது கையில் பிடித்துச் சுற்றும் பாலிஷ் மெஷின் எளிதாகக் கிடைப்பதால், வீட்டுக்காரரோ பையனோ ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள். துணி எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் ஊற்றுவது, கடைசியில் துடைப்பது என்று பாதி வேலை நம் தலையில்தானே விழுகிறது! அப்படியானால் முழு வேலையையும் தெரிந்துகொண்டால் என்ன?

முதலில் ஒரு சங்கதி. பாலிஷ் வேறு, மெழுகு (வேக்ஸ்) வேறு. சேலத்துக் கொலுசைப் பட்டறையில் பாலிஷுக்குக் கொடுத்து வாங்கினால் பளபளவென்று வரும், எடை மட்டும் துளி குறைந்திருக்கும் அல்லவா? கார் பாலிஷும் அதே கதைதான். கீறல் மறைவது கீறலைச் சுற்றியுள்ள பெயிண்டைச் சீவி எடுப்பதால். மெழுகோ சீவாது, மேலே படிந்து காக்கும். இந்தக் காலத்துக் கார்களில் நிறத்துக்கு மேல் கண்ணாடி போல் ஒரு பூச்சு உண்டு. கிளியர் கோட் என்பார்கள். அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். அவ்வளவு மெல்லிய தோல்!

எனக்குத் தெரிந்த பெயிண்ட் மேஸ்திரி ஒருவர் சொன்னார்: "ஏனுங்க அக்கா, சீவச் சீவ வளர்றதுக்கு அதென்ன தலைமுடிங்களா? வருசத்துக்கு ஒருக்கா பாலிஷ் போட்டாலே அதிகமுங்க. மெழுகு வேணும்னா ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா கையிலயே போடுங்க."

பழைய அம்பாஸிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் துணியில் காரின் நிறமே ஒட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பலவற்றில் மேல் பூச்சு கிடையாது, நிறமேதான் தேய்ந்து வருகிறது. கடையில் செராமிக் கோட்டிங் போட்ட வண்டியானால் பாலிஷே கூடாது. கொடுத்த காசு துணியோடு போய்விடும்.

மெஷினில் இரண்டு ஜாதி. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். சூடு சீக்கிரம் ஏறும், தொழில் தெரிந்த கைக்குத்தான் அது. டூயல் ஆக்‌ஷன் என்பது சுற்றிக்கொண்டே அசையும். அழுத்தினால் சுற்றுவது நின்றுவிடும், வீட்டுக்கு அதுதான் நல்லது. பட்டறைகளில் இரும்பு அறுக்கும் கிரைண்டர் (மாவரைப்பதல்ல!) இருக்கிறதே, அதில் பஃப் மாட்டுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. அது நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும். எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படிச் செய்ததில் பானட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப் போயிற்று. பாலிஷ் செலவு மிச்சம் என்று நினைத்தவர்களுக்குப் பெயிண்ட் செலவு வந்தது.

நம் பக்கத்துக்கு இன்னொரு தொல்லை, தண்ணீர். வெள்ளைக்கல் (மாக்னசைட்) வெட்டி எடுக்கிற பூமி இது. போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் உப்பு வெள்ளைப் பொட்டுகளாக நிற்கும். கடைசி அலசலுக்கு இரண்டு குடம் காவிரித் தண்ணீர் ஒதுக்கி, உடனே துடைத்துவிடுங்கள். புதுப் பொட்டானால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, உடனே அலசினால் போகும். அதற்கெல்லாம் மெஷின் எதற்கு?

வேலையை நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். பூஜைச் சந்தனம் காய்ந்திருந்தால் சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஊறவிடுங்கள். கழுவித் துடைத்தபின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டித் தடவிப் பார்த்தால், நறநறப்பு இருக்கிறதா என்று விரல் சொல்லிவிடும். இருந்தால் மறுபடி கழுவ வேண்டியதுதான். கதவு விளிம்புகளிலும் கறுப்பு ரப்பரிலும் டேப் ஒட்டுங்கள். விளிம்பில்தான் பெயிண்ட் சீக்கிரம் போகும். பேடில் நாலைந்து சொட்டு மருந்து போதும். மெஷினைத் தகட்டின் மேல் வைத்தபிறகே ஸ்விட்சைப் போட வேண்டும், இல்லாவிட்டால் சுவரெல்லாம் கோலம்! இரண்டடிக்கு இரண்டடி கட்டமாக, மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டித் துடையுங்கள். பேட் மண்ணில் விழுந்தால் கழுவாமல் தொடவே கூடாது. மண் ஒட்டிய பேட் உப்புத்தாளுக்குச் சமம். பிறகு மெழுகை மெல்லியதாகப் பூசி, மங்கியதும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் முகம் பார்க்கலாம்.

இனி நம் பத்திரம். முந்தானை, துப்பட்டா, பின்னல், தாலிக்கொடி எதுவும் தொங்கக்கூடாது. ஒயரைத் தோளின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கழுவிய ஈரத் தரையில் நின்று மெஷினைத் தொடாதீர்கள். தரை காயட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். வீட்டு மின்இணைப்பில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் காப்பு ஸ்விட்ச் இல்லையென்றால், மெஷின் வாங்கும் பணத்தில் முதலில் அதைப் போடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தினால் கை மரத்துப்போகாது.

குழந்தை இருக்கும் வீடானால் இதைக் கட்டாயம் படியுங்கள். பாலிஷ், மெழுகு பலவற்றில் மண்ணெண்ணெய் ஜாதி எண்ணெய் இருக்கிறது. மிச்சத்தைக் கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தவறிக் குழந்தை குடித்துவிட்டால், தொண்டையில் விரல் விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. பாலும் புகட்ட வேண்டாம். 108-க்குச் சொல்லி, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொஞ்ச நேரம் கழித்துக்கூட இருமலும் மூச்சிரைப்பும் வரலாம். அதனால் குழந்தை சிரித்து விளையாடினாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

துடைத்த துணிகளைத் திறந்த வெளியில் விரித்துக் காயவிட்டு, தனியாகத் துவையுங்கள். குழந்தைத் துணி ஊறும் பக்கெட்டில் அவற்றைப் போட வேண்டாம்.