ஒரு பாட்டில் ரூ.22 கோடி... பழைய விஸ்கிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

2023 நவம்பரில் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் ஒரே ஒரு விஸ்கி பாட்டில் சுமார் 21.87 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம்ம கணக்கில் ரூ.22 கோடிக்கு மேல்!

அதன் பெயர் 'மெக்காலன் 1926'. ஸ்காட்லாந்தில் 1926-ல் வடித்து, 60 வருஷம் ஷெர்ரி பீப்பாயில் ஊறவிட்டு, 1986-ல் பாட்டிலில் அடைத்தார்கள். கிடைத்தது மொத்தமே 40 பாட்டில்தான்.

ஏன் இவ்வளவு குறைவு?

ஓக் மரப் பீப்பாய் வழியாக வருஷத்துக்குச் சுமார் 2% விஸ்கி ஆவியாகிவிடும். இதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று செல்லப்பெயர். ஆல்கஹால் அளவும் மெல்ல இறங்கும். அது 40%-க்குக் கீழே போய்விட்டால் ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது. ஆக, 60 வருஷம் காத்திருப்பது ஒருவகைச் சூதாட்டம்!

வீட்டில் பூட்டி வைத்தால்?

பலன் இல்லை. பாட்டிலில் அடைத்ததும் வயது நின்றுவிடும். 12 வருஷ விஸ்கி எத்தனை காலம் ஆனாலும் 12 வருஷ விஸ்கிதான்.

போலியை எப்படிப் பிடிப்பது?

2017-ல் சுவிட்சர்லாந்து ஹோட்டல் ஒன்றில், 1878-ம் ஆண்டு விஸ்கி என்று நம்பி, ஒரு கிளாஸுக்குக் கிட்டத்தட்ட 10,000 பிராங்க் கொடுத்தார் ஒருவர். சந்தேகம் கிளம்ப, ரேடியோகார்பன் சோதனை நடந்தது. அது 1970-களின் தொடக்கத்தில் தயாரான சரக்கு! பணம் திரும்பக் கிடைத்தது.

1950-களில் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன், அதன்பின் விளைந்த பார்லியிலும் பதிந்திருக்கிறது. லேபிள் பொய் சொல்லலாம். பார்லி சொல்லாது.