நட்பு பெஞ்சு (சிம்பாப்வே)

நட்பு பெஞ்சு என்பது சிம்பாப்வே நாட்டின் தலைநகரான ஹராரேயில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சமூக மனநலத் திட்டம் ஆகும். நகரச் சுகாதார நிலையத்தின் வளாகத்தில் ஒரு மர பெஞ்சு போடப்பட்டிருக்கும். மனத்துயரோடு வருபவரின் பக்கத்தில் பயிற்சி பெற்ற மூதாட்டி ஒருவர் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவருடைய சிக்கல்களில் ஒன்றைத் தீர்க்க வழி தேடுவார். இதுவே திட்டத்தின் அடிப்படை வடிவம். இதைத் தொடங்கியவர் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா. ஆனால் இத்திட்டத்தின் பெயர், மொழி, பேசும் முறை ஆகிய மூன்றையும் பெருமளவு வடிவமைத்தவர்கள் அந்த மூதாட்டிகளே.

பின்னணி

2005 மே மாதத்தில் சிம்பாப்வே அரசு "முரம்பட்ஸ்வினா" என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. ஷோனா மொழியில் இதற்கு ஏறத்தாழ "குப்பையை அகற்று" என்று பொருள். அனுமதி இல்லாதவை என்று சொல்லி நகரங்களில் இருந்த குடியிருப்புகளும் தெருக்கடைகளும் இடித்துத் தள்ளப்பட்டன. ஏறத்தாழ 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தனர் என்று ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. ஹராரேயின் பழைமையான, நெரிசல் மிகுந்த உழைப்பாளர் பகுதியான ம்பாரேயும் இதில் சிக்கியது. எச்.ஐ.வி. தொற்று அதற்கு முன்பே அங்கு குடும்பம் குடும்பமாகப் பாதித்திருந்தது.

ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்கள் வாழும் அந்நாட்டில் மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை பன்னிரண்டு, பதின்மூன்று என்ற அளவில்தான் இருந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் தலைநகரில் இருந்தனர். சிபாண்டா அவர்களில் ஒருவர். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த 26 வயதுப் பெண் ஒருவர் அக்காலத்தில் தற்கொலை செய்துகொண்டார். தொலைவிலிருந்த தம் ஊரிலிருந்து மகளைத் திரும்ப அழைத்துவருவதாகத் தாய் சொல்லியிருந்தும் அவர்கள் வரவில்லை. பேருந்துக் கட்டணத்துக்கு வேண்டிய ஏறத்தாழ 15 டாலர் அவர்களிடம் இல்லை என்பது பிறகுதான் மருத்துவருக்குத் தெரிந்தது. நோயாளி மருத்துவமனையைத் தேடி வரட்டும் என்று இனிக் காத்திருக்க முடியாது என்ற முடிவுக்கு இந்த நிகழ்வே தம்மைக் கொண்டுவந்தது என்று சிபாண்டா பலமுறை கூறியுள்ளார்.

மருத்துவர் பற்றாக்குறை என்று பொதுவாகச் சொல்லப்படும் சிக்கலில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் உள்ளன. ஒன்று மருத்துவர்களின் எண்ணிக்கை. மற்றொன்று நோயாளியின் வீட்டுக்கும் மருத்துவருக்கும் இடையிலுள்ள தூரம். முதலாவதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் தேவை. நட்பு பெஞ்சு இரண்டாவதில் கைவைத்தது.

சுகாதாரப் பாட்டிமார்

மனநலச் சேவையை ம்பாரேயிலேயே தர வேண்டும் என்று சிபாண்டா கேட்டபோது நகர நிர்வாகத்தால் செவிலியர் எவரையும் தர இயலவில்லை. எச்.ஐ.வி. சிகிச்சை, பிரசவம், தடுப்பூசி என்று அவர்களுக்கு ஏற்கெனவே கையில் வேலை நிறைந்திருந்தது. கட்டடத்துக்குள் ஓர் அறைகூட இல்லை. கிடைத்தவர்கள் 14 மூதாட்டிகள். கிடைத்த இடம் வெளிமுற்றம். இன்று இத்திட்டத்தின் அடையாளமாகப் பேசப்படும் பாட்டி, பெஞ்சு இரண்டுமே அன்று வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டவை.

இந்த மூதாட்டிகள் சுகாதாரப் பணிக்குப் புதியவர்கள் அல்லர். ஹராரே நகரச் சுகாதாரத் துறையின் சமூக சுகாதாரப் பணியாளர்களாக, சிறு மாதத் தொகை பெற்று, வீடு வீடாகச் சென்று சுகாதாரச் செய்திகளைச் சொல்லி வந்தவர்கள். மக்கள் அவர்களை "அம்புயா உட்டானோ", அதாவது சுகாதாரப் பாட்டி என்று அழைத்தனர். உயர்கல்வி இல்லாவிட்டாலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அதே தெருக்களில் வாழ்ந்து, அங்கு நிகழ்ந்த சாவுகளையும் வீடு இடிப்பையும் கண்டவர்கள். ஷோனா சமூகத்தில் ஒருவர் தம் வீட்டு விவகாரத்தைப் பாட்டியிடம் சொல்வது இயல்பான செயல். முன்பின் தெரியாத மருத்துவரிடம் சொல்வது அப்படியன்று. ஊரை விட்டுப் போகாதவர்கள் என்பது மற்றொரு நன்மை. பயிற்சி பெற்ற இளைஞர்கள் வேறு வேலை கிடைத்ததும் சென்றுவிடுவது எல்லா ஏழை நாடுகளின் சுகாதாரத் திட்டங்களும் அறிந்த தொல்லை.

பெயரும் சொற்களும்

தொடக்கத்தில் இது மனநல பெஞ்சு என்றே அழைக்கப்பட்டது. அந்தப் பெயருள்ள பெஞ்சில் வந்து உட்கார எவரும் விரும்பவில்லை. உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதைப் பாட்டிமார் அறிந்திருந்தனர். பெயரை மாற்றச் சொன்னவர்கள் அவர்களே. ஷோனா மொழியில் இப்போது வழங்கும் பெயருக்கு, ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ளும் இருக்கை என்று பொருள். ஆங்கிலத்தில் அது நட்பு பெஞ்சு ஆனது.

மனச்சோர்வு, பதற்றநோய் போன்ற மருத்துவப் பெயர்களையும் அவர்கள் ஒதுக்கினர். அவற்றின் இடத்தில் "குஃபுங்கிசிசா" என்ற சொல் வந்தது. அளவுக்கு மீறி யோசிப்பது என்பது இதன் பொருள். தூக்கம் வராதது, சாப்பிட மனம் இல்லாதது, காரணமின்றி அழுகை வருவது என எல்லாவற்றையும் ஷோனா மக்கள் இந்த ஒரு சொல்லில் அடக்குவர். தமிழிலும் "ஒரே யோசனையா இருக்கு, ராத்திரி தூக்கமே இல்ல" என்று மருத்துவரிடம் சொல்பவர் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறார். கம்போடியா, ஹைட்டி ஆகிய நாடுகளிலும் இதே பொருள் தரும் வழக்குகள் உள்ளன. தம்மிடம் இருப்பது நோய் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குபவர்கூட, தாம் அதிகம் யோசிப்பதாக ஒப்புக்கொள்வார். பேச்சு தொடங்க அவ்வளவு போதும்.

பெஞ்சில் நடப்பது

சுகாதார நிலையத்துக்கு எந்தக் காரணத்துக்காக வருபவரிடமும் 14 கேள்விகள் கொண்ட ஷோனா அறிகுறிப் பட்டியல் கேட்கப்படலாம். கடந்த ஒரு வாரத்தைப் பற்றிய கேள்விகள் அவை. ஆம் அல்லது இல்லை என்று விடை சொன்னால் போதும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆம் வந்தால் அவர் பெஞ்சுக்கு அனுப்பப்படுவார். தற்கொலை எண்ணம் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அதற்கு ஆம் என்று விடை வந்தால் பாட்டி தனியாக முடிவெடுப்பதில்லை. மேற்பார்வையாளருக்கும் தேவையானால் மருத்துவருக்கும் தகவல் செல்லும்.

பெஞ்சில் தரப்படுவது பிரச்சினை தீர்வுச் சிகிச்சை எனப்படும் பேச்சு முறை. பாட்டிமாருக்கு ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயிற்சியும், பின்னர்த் தொடர் மேற்பார்வையும் தரப்பட்டன. பேச்சு மூன்று படிகளாகச் செல்லும். ஷோனா மொழியில் அவற்றுக்கு மனத்தைத் திறத்தல், உயர்த்துதல், வலுப்படுத்துதல் என்று பொருள்படும் பெயர்கள் உள்ளன.

எடுத்துக்காட்டாக, வேலை இழந்த கணவன், மூன்று மாத வாடகை பாக்கி, எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுவதை மாமியாரிடம் மறைக்கும் அச்சம் ஆகியவற்றோடு ஒரு பெண் வருகிறார் என்று கொள்ளலாம். முதல் அமர்வில் எல்லாவற்றையும் கொட்டிவிட விடுவார்கள். பிறகு அவற்றில் எதை முதலில் எடுப்பது என்று கேட்பார்கள். தேர்ந்தெடுப்பவர் அந்தப் பெண்ணே. வாடகை என்று அவர் சொன்னால், அதற்குச் செய்யக்கூடியவை என்னென்ன என்று இருவரும் சேர்ந்து எண்ணிப் பார்ப்பார்கள். வீட்டுக்காரரிடம் தவணை கேட்கலாம், உறவினரிடம் கடன் வாங்கலாம், சந்தையில் தக்காளி விற்கலாம். அவற்றில் ஒன்றை எடுத்து, யாரிடம், எந்த நாளில், என்ன சொல்லிக் கேட்பது என்பது வரை பேசி முடித்த பின்பே அவர் எழுந்து செல்வார். அடுத்த அமர்வில் அது நடந்ததா என்று பாட்டி கேட்பார். நடக்கவில்லை என்றால் திட்டுவதில்லை. வேறு வழி பார்ப்பார்கள். இவ்வாறு ஆறு அமர்வுகள் வரை செல்லும்.

அறிவுரை சொல்லாமல் இருப்பதே பாட்டிமாருக்குக் கடினமான பாடமாக இருக்கக்கூடும். இதை இப்படிச் செய் என்று சொல்வது முதியவர்களின் வழக்கமல்லவா? ஆனால் அளவுக்கு மீறி யோசித்துச் செயலற்றுப்போனவருக்கு, தாமே ஒன்றை முடிவுசெய்து அது நடந்ததைப் பார்ப்பதுதான் மருந்து என்பது இந்தச் சிகிச்சையின் கருத்து.

பெஞ்சில் சில அமர்வுகள் முடித்தவர்கள் "குபட்டானா டோசே" என்ற குழுவில் சேரலாம். எல்லோரும் கைகோத்தல் என்பது அதன் பொருள். முன்பு பெஞ்சில் அமர்ந்து நலம்பெற்றவர்கள் அதை நடத்துவர். பழைய பிளாஸ்டிக் உறைகளைக் கீற்றுகளாக வெட்டிக் கொக்கி ஊசியால் பைகள் பின்னிக்கொண்டே பேசுவார்கள். அந்தப் பைகளின் விற்பனையால் சிறு வருமானமும் கிடைக்கும். வறுமையால் வந்த யோசனைக்கு வெறும் பேச்சு மட்டும் போதாது என்பதை இந்தக் குழு கவனத்தில் கொண்டது.

2016ஆம் ஆண்டின் ஆய்வு

இத்திட்டம் பல ஆண்டுகள் நடந்த பின்பே அதன் பயன் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. ஹராரேயின் 24 சுகாதார நிலையங்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கப்பட்டன. ஒரு பிரிவில் நட்பு பெஞ்சு. மற்றதில் வழக்கமான கவனிப்பைச் சற்று மேம்படுத்தி, செவிலியரின் மதிப்பீடும் தகவலும் தேவையானால் மருந்தும் தரப்பட்டன. மொத்தம் 573 பேர் பங்கேற்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பத்தில் நால்வருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது.

ஆறு மாதத்துக்குப் பின், 14 கேள்விகளுக்கான சராசரி மதிப்பெண் பெஞ்சுப் பிரிவில் 3.81 ஆகவும் மற்றப் பிரிவில் 8.90 ஆகவும் இருந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தோர் பெஞ்சுப் பிரிவில் 13.7 விழுக்காடு, மற்றதில் 49.9 விழுக்காடு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2016 டிசம்பரில் இம்முடிவுகள் வெளிவந்தன. அதன் பின் ஹராரே, சிட்டுங்விசா, கிவேரு ஆகிய நகரங்களின் 70க்கும் மேற்பட்ட சுகாதார நிலையங்களுக்குத் திட்டம் விரிந்தது.

பிற நாடுகள்

மலாவி, சான்சிபார் ஆகிய இடங்களில் இம்முறை தழுவப்பட்டது. நியூயார்க் நகரில் வைக்கப்பட்ட பெஞ்சுகளில் பாட்டிமார் அமரவில்லை. போதைப்பழக்கம், மனநோய் முதலியவற்றைத் தாமே கடந்துவந்தவர்கள் அமர்ந்தனர். அந்த நகரத்தில் நம்பிக்கைக்குரியவர் யார் என்ற கேள்விக்கு விடை வேறாக இருந்தது. 2022 கத்தார் உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது உலக சுகாதார நிறுவனம், பங்கேற்ற அணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப 32 நட்பு பெஞ்சுகளை அங்கு வைக்கத் துணைநின்றது. இது விழிப்புணர்வு முயற்சி. சிகிச்சைத் திட்டம் அன்று.

இந்தியத் தொடர்பு

பாட்டிமார் பயன்படுத்தும் ஷோனா அறிகுறிப் பட்டியலின் உருவாக்கத்தில் முன்நின்றவர் மும்பையில் பிறந்த மனநல மருத்துவர் விக்ரம் படேல். அவர் 1990களின் முற்பகுதியில் ஹராரேயில் பணியாற்றினார். பின்னர் கோவாவில் சங்காத் என்ற அமைப்பைப் பிறருடன் சேர்ந்து நிறுவினார். மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு அங்கு நடத்தப்பட்ட ஆய்வு 2010இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அரசு சுகாதார நிலையங்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது; தனியார் மருத்துவர்களிடம் சென்றவர்களிடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

எல்லைகள்

பாட்டியின் பெஞ்சு எல்லா மனநோய்க்கும் இடமன்று. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவையே அதன் களம். மனச்சிதைவு, இருமுனையக் கோளாறு உள்ளவர்களுக்கு மருந்தும் மருத்துவரும் இன்றியமையாதவை. ஆண்கள் குறைவாகவே பெஞ்சுக்கு வருகின்றனர். 2016 ஆய்வின் முடிவுகள் பங்கேற்றவர்கள் தாமே சொன்ன விடைகளை அடிப்படையாகக் கொண்டவை. ஆறு மாதத்துக்குப் பிந்தைய நிலையை அவை காட்டவில்லை. நாள்தோறும் பிறர் துயரைக் கேட்கும் மூதாட்டிகளுக்குச் சிறு தொகை மட்டும் தருவது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. குறைந்த செலவில் நடக்கும் திட்டம் என்று பாராட்டும்போது, அந்தச் செலவு குறைந்தது யாருடைய உழைப்பால் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

கடும் மனநோயில் ஊர்மக்கள் செய்யக்கூடியது என்ன என்பதற்கு ஓரளவு விடை தமிழ்நாட்டிலிருந்து கிடைத்துள்ளது. சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் அமைப்பும் பங்கேற்ற ஓர் ஆய்வு, தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரத்தின் சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளிவந்தது. மனநல மருத்துவர் தம் சிகிச்சையைத் தொடர, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று மருந்து உண்பதைக் கவனித்தனர். குடும்பத்தாரிடம் நோயைப் பற்றிப் பேசினர். வேலைக்குத் திரும்ப உதவினர். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் அறிகுறிகளும் முடக்கமும் ஓராண்டில் சற்றுக் குறைந்தன. மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு மிதமானதே. அது தெளிவாகத் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமப்புற மையத்தில்.