நண்பனோடு நாலு நாள் வெளிநாடு: யார் எதற்குப் பொறுப்பு?

திராட்சை வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் பணம் தங்கும்போதோ, போடி ஏலத்தில் ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த மாதத்திலோ, இரண்டு நண்பர்கள் 'ஒரு நாலு நாள் போய்ட்டு வருவோமா' என்று பேச ஆரம்பிப்பது கம்பம் பள்ளத்தாக்கில் இன்று புதுமையில்லை. மதுரை போனால் கொழும்பு விமானம், திருச்சி போனால் கோலாலம்பூர், குமுளி மலை ஏறி இறங்கினால் கொச்சி. 2023 நவம்பரில் தாய்லாந்தும் டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களை விசா இல்லாமல் உள்ளே விட ஆரம்பித்த பிறகு, கொடைக்கானலுக்குப் போவதுபோல பாங்காக் போகலாம் என்ற எண்ணம் பரவிவிட்டது. பெரிய திட்டம் போடாமல் போய், தோன்றிய இடத்தில் சுற்றிவிட்டு வருவதில் தவறே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மனைவி, மகன் போன்ற உறவுகளுக்கு எல்லா நாட்டுச் சட்டமும் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. நண்பனுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் மனதளவில் அது ஒரே பயணமாக இருக்கட்டும், காகிதத்தில் இரண்டு பயணங்களாகத்தான் இருக்க வேண்டும்.

இது முதலில் தெரியவரும் இடம் குடியேற்றச் சோதனைக் கவுண்டர். அங்கே இருவரையும் சேர்த்து நிறுத்த மாட்டார்கள். எங்கே தங்கப்போகிறீர்கள், என்றைக்குத் திரும்புகிறீர்கள், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்பார்கள். ஓட்டல் பதிவு நண்பன் பெயரில், திரும்பும் டிக்கெட் நண்பன் செல்போனில், பணம் நண்பன் கார்டில், நண்பனோ பக்கத்து வரிசையில் என்றால் பதில் சொல்ல எதுவுமில்லாமல் நிற்க வேண்டியதுதான். விசா தேவையில்லை என்பதற்கு நுழையும் உரிமை உண்டு என்று பொருளில்லை. சந்தேகப்பட்டால் திருப்பி அனுப்ப அதிகாரிக்கு முழு அதிகாரம் இருக்கிறது. மலேசியாவில் 'என்.டி.எல்.' (நாட் டு லேண்ட், அதாவது உள்ளே நுழைய அனுமதியில்லை) என்று சொல்லி அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது இப்படித்தான். அந்த முடிவை இந்தியத் தூதரகத்தாலும் மாற்ற முடியாது. தாய்லாந்து, மலேசியா இரண்டு நாடுகளிலும் வருகைப் பதிவு அட்டையை இணையத்தில் ஆளுக்கொன்றாக நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம், கட்டணம் கேட்கிற தளம் போலி. பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று அச்சாகியிருப்பவர்கள், அதாவது பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள், இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் மலேசியாவும் உள்ளன. சுற்றுலாவுக்கு அனுமதி தேவையில்லை, வேலைக்குத்தான் தேவை. ஆனால் இது சுற்றுலாதான் என்று புறப்படும் விமான நிலையத்திலேயே காட்ட வேண்டியிருக்கும். திரும்பும் டிக்கெட்டும் ஓட்டல் பதிவும் தன் பெயரில் இருந்தால்தான் அது முடியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பையில் இருக்கிறது. நண்பனுக்கு இடம் தராத சட்டம், குற்றம் என்று வந்தால் மட்டும் இருவரையும் சேர்த்துக் கட்டும். சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் 18ஆவது பிரிவில் சொல்வது இது: இருவர் சேர்ந்திருக்கும்போது ஒருவரிடம் போதைப்பொருள் இருந்து, அது மற்றவருக்குத் தெரிந்து அவரும் சம்மதித்திருந்தால், அது இருவர் வசமும் இருந்ததாகவே கொள்ளப்படும். 500 கிராமுக்கு மேல் கஞ்சாவும் 15 கிராமுக்கு மேல் ஹெராயினும் கடத்தினால் அங்கே தூக்கு. 42.72 கிராம் ஹெராயின் வழக்கில் நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற மலேசியத் தமிழர் 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அறிவுத்திறன் குறைந்தவர் என்று அவர் தரப்பில் வாதிட்டும் தண்டனையைத் தடுக்க முடியவில்லை. தாய்லாந்தில் கஞ்சா கடைகளே இருக்கிறதே என்று கேட்பார்கள். 2022இல் தளர்த்திய விதியை 2025 ஜூனில் அந்நாடு மறுபடி இறுக்கி, மருத்துவர் சீட்டு வேண்டும் என்று ஆக்கிவிட்டது. அங்கே கிடைப்பதை இங்கே கொண்டுவந்தாலோ கேள்வியே இல்லை. பாங்காக் விமானங்களில் வந்தவர்களிடம் உயர் ரகக் கஞ்சா பிடிபட்ட செய்திகள் நம் விமான நிலையங்களிலிருந்து தொடர்ந்து வருகின்றன. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவுப்படி, தெரிந்தேதான் வைத்திருந்தார் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது மாட்டிக்கொண்டவர் பாடு. 'மாப்ள, என் பெட்டியில வெயிட் கூடிப்போச்சு, இத மட்டும் உன் பெட்டியில வையி' என்ற ஒரு வரி எவ்வளவு கனமானது என்பது இதை வைத்துப் பார்த்தால் புரியும். தங்கத்துக்கும் இதே கதைதான். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவருக்குத்தான் நகைக்குச் சுங்கச் சலுகை. நாலு நாள் போனவருக்கு அது கிடையாது. துபாய் போகிறவர்கள் வீட்டுச் சமையல் பொருளோடு கசகசாவை எடுத்துப்போகக் கூடாது, அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

நண்பனை நம்பாமல் எப்படிச் சேர்ந்து போவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நண்பனும் ஏமாந்திருக்கலாம். அவனிடம் பொட்டலத்தைக் கொடுத்தவன் நமக்கு நண்பன் இல்லையே. செலவை மூன்றாவது ஆள் ஒருவர் ஏற்றுக்கொண்டால் அதைச் சுற்றுலா என்று நினைப்பதே தப்பு. பாங்காக்கில் கணினி வேலை என்று நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மோசடிக் கூடங்களில் அடைபட்டவர்கள் கதை இப்படித்தான் தொடங்கியது. 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களைத் திருப்பிக் கொண்டுவந்தன. 'டிக்கெட் அவங்களே போட்டுத் தர்றாங்க' என்று நண்பன் சொன்னால், 'அவங்க' யார் என்று கேட்பது நட்புக்குச் செய்யும் துரோகமாகாது.

உடம்புக்கு முடியாமல் போனாலும் இதே பிரச்சினைதான். பயண இன்சூரன்ஸ் ஆளுக்குத்தான், கூட்டத்துக்கு இல்லை. நாலு நாளுக்கு எதற்கு என்று கேட்பவர்கள், முன்பணம் கட்டாமல் படுக்கை தராத தனியார் மருத்துவமனை அங்கேயும் உண்டு என்பதை நினைக்க வேண்டும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், தேனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போவது நல்லது. அது இல்லாமல் விழுந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். வண்டிக்குப் பிணையாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது எப்போதும் மத்திய அரசின் சொத்து, அடகு வைக்க நம்முடையது இல்லை. தொலைந்தால் உள்ளூர்க் காவல்நிலையப் புகாரோடு தூதரகம் போனால், ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். கைது செய்யப்பட்டால், தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுமாறு கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு தருகிறது. வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஊரிலிருக்கும் குடும்பத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் முறையிடலாம்.

இவ்வளவு தொல்லைக்கு ஏஜென்ட்டிடம் பேக்கேஜ் வாங்கிவிடலாமே என்றால், அதில் ஒரு லாபம் உண்மைதான்: எது தவறினாலும் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். ஆனால் ரசீதில் எந்த ஓட்டல், எத்தனை இரவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுதியிருந்தால்தான் அந்த லாபம். வாட்ஸ்அப்பில் 'எல்லாம் பாத்துக்கலாம் அண்ணே' என்பது ஒப்பந்தமாகாது. தானே பதிவு செய்பவர்களுக்கும் உரிமை குறைவில்லை. பயணம் போகாவிட்டால், பணம் திரும்பாத டிக்கெட்டிலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்கிறது நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமானால் கையில் வாங்கிய 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அந்த நாள் தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தும் பயனில்லை.

விமான நிறுவனத்தின் அலுவலகம் எங்கோ இருக்கிறது, கம்பத்தில் இருந்துகொண்டு யாரோடு மல்லுக்கட்டுவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் மாற்றியது. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது அதன் 34ஆவது பிரிவு. இந்தச் சட்டத்தில் நண்பனுக்கும் வழியுண்டு: பணம் கட்டியவர் மட்டுமல்லாமல், அவர் ஒப்புதலோடு சேவையைப் பெற்றவரும் நுகர்வோர்தான். ஆனாலும் தன் பெயரில் போர்டிங் பாஸும் லக்கேஜ் சீட்டும் இல்லாதவர் எதைக் காட்டுவார்? 1915 எண்ணில் முதலில் புகார் சொல்லிப் பாருங்கள். தீரவில்லையென்றால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.