சுற்றுக்குச் சுற்று ஒரு பாடம்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் திருப்பாலைவனம். மேடு பள்ளம் இல்லாத பாதைதான். ஆயினும் ஏரிப் பக்கமிருந்து வீசும் எதிர்காற்று மேட்டைவிடக் கடுமையானது. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அந்தச் சாலையில் சைக்கிள் மிதிப்பது என் நெடுநாள் வழக்கம். மீன் கூடை ஏற்றிச் செல்லும் மொபெட்டுகளையும் சில வேளைகளில் முந்திவிடுவேன். அதனால், 'நம்மை வெல்ல யார் இருக்கிறார்?' என்னும் எண்ணம் உள்ளத்தில் புகுந்துவிட்டது.

அந்த எண்ணத்தோடுதான் அண்டை ஊரில் நடந்த சுற்றுப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். இரண்டு கிலோமீட்டர் பாதையைப் பத்து முறை சுற்றவேண்டும். கொடி அசைந்ததும் பாய்ந்தேன். மூன்று சுற்றுகள் வரை நானே முதல்வன். நான்காம் சுற்றில் மூச்சு முட்டியது. பின்னால் வந்த கூட்டம் என்னைக் கடந்து போயிற்று. எட்டாம் சுற்றில் அதே கூட்டம் மீண்டும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கியவர் விலகவேண்டும் என்பது அங்கே விதி. நடுவர் கை காட்டினார், இறங்கினேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த என் பிள்ளைகளை ஏறிட்டுப் பார்க்க நாணமாக இருந்தது.

மூத்த வீரர் ஒருவர் அருகில் வந்து, "தம்பி, உங்கள் காலில் வலு இருக்கிறது. அதையெல்லாம் காற்றுக்கே கொடுத்துவிட்டீர்களே!" என்றார்.

அவர் சொன்னது அறிவியல் உண்மை. வேகமாகச் செல்லும் சைக்கிளுக்குப் பெரும் பகை காற்றுத் தடையே. முன்னே செல்பவரின் சக்கரத்தை ஒட்டிச் செல்பவருக்கு உழைப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது. ஆகவே கூட்டத்தில் உள்ளவர்கள் மாறி மாறி முன்னே வந்து காற்றைத் தாங்குகின்றனர். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உட்புறப் பெடலை மேலே நிறுத்தித் திரும்பவேண்டும். ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வரும் பத்துப் பேரும் விழுவர். எதிராளியை நம்பாமல் இந்தப் போட்டியில் ஓர் அடியும் செல்ல முடியாது.

1613-ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டில் இன்று மக்கள் தொகையைவிடச் சைக்கிள்கள் அதிகம். அங்கும், அண்டையிலுள்ள பெல்ஜியத்திலும், ஊர்த் திருவிழாவை ஒட்டித் தெருக்களை அடைத்து இத்தகைய சுற்றுப் போட்டிகள் நடத்துவது வழக்கம். கடைசிச் சுற்றில் மணி ஒலிக்கும். வீட்டு வாசலில் நின்றே ஊரார் கண்டு மகிழலாம்.

போட்டியில் வகை பிரிப்பதும் புதிய ஏற்பாடன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் போட்டி நடத்தியபோது, பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நெடுந்தொலைவையும், பயிற்சி பெறாதவற்றுக்குக் குறுந்தொலைவையும் வகுத்தார்கள். இதனை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் பங்குபெற்றதாகப் புகாரி நூலில் காண்கிறோம். புதியவரை வல்லவரோடு மோதவிட்டு வெட்கப்படுத்தாத அந்த நீதியை எண்ணி வியக்கிறேன்.

மறு ஆண்டு அதே போட்டிக்குச் சென்றேன். இம்முறை கூட்டத்துக்குள் அடங்கி, என் முறை வந்தபோது மட்டும் காற்றைத் தாங்கினேன். கடைசிச் சுற்றின் மணி ஒலித்தபோது நானும் அவர்களோடு இருந்தேன். கிடைத்தது பதினோராம் இடம். வீட்டில் அன்று பெருநாள்தான்!

இப்போது என் மகனும் அவனுடைய தோழர்களும் சைக்கிளில் வேகம் பழகுகின்றனர். சரக்குப் பெட்டக லாரிகள் ஓடும் மீஞ்சூர்ச் சாலையில் அவர்கள் போட்டியிடுவதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஊர்ப் பெரியவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு காலைப் பொழுது, காவல்துறையின் அனுமதியோடு ஒரு தெருவை அடைத்துத் தரலாகாதா? சிறுவருக்கும் புதியவருக்கும் தனித்தனிப் பிரிவு வைத்து, தலைக்கவசம் இல்லாதவரைச் சேர்க்காமல் நடத்தினால், வேகமும் பழகும், அடக்கமும் பழகும்.