ஊசியிலை மரங்களும் உறைபனியும்: சுண்ணாம்புச் சத்தின் பங்கு

உறைபனிக்கு என்ன உரம் இடலாம் என்பது மார்கழி, தை மாதங்களில் நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதி விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியாகும். பொட்டாஷ் இட்டால் பயிர் குளிரைத் தாங்கும் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. இது பாதி உண்மைதான். மண்ணில் உள்ள சத்துக்கும் குளிர் தாங்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு நன்கு ஆராயப்பட்டிருப்பது, என் கருத்தில், ஒரு காட்டு மரத்தில்தான். அமெரிக்காவின் வடகிழக்கே வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநில மலைகளில் வளரும் சிவப்பு ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரமே அது. அதன் கதையை நம் மலை விவசாயிகளும் அறிந்துகொள்வது நல்லது.

முதலில் மரம் குளிரை எப்படித் தாங்குகிறது என்று பார்ப்போம். பகல் நேரம் குறையத் தொடங்கியதும் ஊசியிலை மரம் வளர்ச்சியை நிறுத்தி மொட்டுக் கட்டுகிறது. பிறகு, குளிர் ஏற ஏற, இலையின் செல்களில் சர்க்கரை சேர்கிறது. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் தன்மையும் மாறுகிறது. கடுங்குளிரில் பனிக்கட்டி செல்லுக்குள் உண்டாவதில்லை. செல்களுக்கு இடையே உள்ள வெளியில் உண்டாகி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது. சவ்வு உறுதியாக இருந்தால், பனி உருகியதும் செல் நீரை மீண்டும் ஏற்றுப் பிழைத்துக்கொள்ளும். சவ்வு கிழிந்துவிட்டால் இலை மடிந்துவிடும். இந்தச் சவ்வுக்கு உறுதி தருவதில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குளிர் வந்துவிட்டது என்ற செய்தியைச் செல்லுக்குள் கொண்டுசெல்வதும் அதுவே.

சிவப்பு ஸ்ப்ரூஸ் இயல்பிலேயே சற்றுப் பலவீனமானது. அதன் புதிய ஊசிகள் நடுக்குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். நமக்கு இது மலைப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்த மலைகளின் குளிருக்கு அது ஏதோ போதும் என்ற அளவுதான். பக்கத்திலேயே வளரும் பால்சம் ஃபர் மரம் இன்னும் அதிகம் தாங்கும். குளிர்காலத்தின் நடுவே சில நாட்கள் வெதுவெதுப்பாகிவிட்டால் ஸ்ப்ரூஸ் தன் காப்பைத் தளர்த்திவிடுவதும் உண்டு. பிறகு திடீரென்று குளிர் திரும்பினால் அவ்வாண்டு விட்ட ஊசிகள் செம்பழுப்பாகிக் கோடைக்கு முன்பே உதிர்ந்துவிடும். பழைய ஊசிகள் பச்சையாகவே நிற்கும். நோயையும் குளிர்ச் சேதத்தையும் பிரித்தறிய இந்த அடையாளம் உதவும்.

வெர்மான்டில் கேமல்ஸ் ஹம்ப் என்ற மலையில் 1965-ல் மரங்களைக் கணக்கெடுத்த வோகல்மன் என்ற தாவரவியல் பேராசிரியர், 1979-ல் மீண்டும் கணக்கெடுத்தபோது ஸ்ப்ரூஸ் மரங்களில் ஏறத்தாழ பாதி போய்விட்டிருந்தன. புகைபோக்கிகளிலிருந்து வந்த கந்தகமும் நைட்ரஜனும் அமில மழையாகவும் அமில மூடுபனியாகவும் அம்மலைகளில் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அமிலம் இரண்டு வழிகளில் கெடுதி செய்தது. ஊசிகளின் சவ்வில் ஒட்டியிருந்த கால்சியத்தை நேரடியாகக் கழுவி எடுத்தது. மண்ணில் இருந்த கால்சியத்தையும் கரைத்து ஓடையில் சேர்த்தது. போதாக்குறைக்கு, மண்ணில் அடங்கிக் கிடந்த அலுமினியம் கரைந்து வெளிவந்து, மீதியிருந்த கால்சியத்தையும் வேர் எடுக்கவிடாமல் தடுத்தது.

ஹப்பர்டு புரூக் சோதனை

ஆய்வுக்கூடத்தில் மட்டும் மெய்ப்பித்ததை விவசாயி நம்பமாட்டார், நம்பவும் வேண்டியதில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பர்டு புரூக் ஆராய்ச்சிக் காட்டில் 1999-ல் ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கே, அதாவது சுமார் 12 ஹெக்டேர் காட்டுக்கு, கால்சியம் சிலிகேட் கனிமத்தைக் குருணையாக்கி ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். இழந்த கால்சியத்தைத் திருப்பிக் கொடுப்பதே நோக்கம். அருகில் மற்றொரு பகுதியை ஒன்றும் இடாமல் ஒப்பீட்டுக்கு விட்டுவைத்தார்கள். 2003-ல் அந்த வட்டாரம் முழுவதும் ஸ்ப்ரூஸ் மரங்களுக்குக் கடுமையான குளிர்ச் சேதம் ஏற்பட்டது. கால்சியம் இடாத பகுதியில், மேலோங்கி வளர்ந்த மரங்கள் அவ்வாண்டு ஊசிகளில் சுமார் 75 சதவீதத்தை இழந்தன. கால்சியம் இட்ட பகுதியில் இழப்பு இதில் மூன்றில் ஒரு பங்குதான். மொட்டுகள் கருகியதும் இதே விகிதத்தை ஒட்டியே இருந்தது. ஒரே குளிர், ஒரே மரம். மண் மட்டுமே வேறு.

தழைச்சத்தின் கதை இவ்வளவு நேரானதல்ல. தழைச்சத்து குளிருக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 1989-ல் வெளியான ஆய்வு ஒன்றில், தழைச்சத்து இட்ட ஸ்ப்ரூஸ் நாற்றுகளே குளிரை நன்கு தாங்கின. பட்டினி கிடக்கும் நாற்றுக்கு உணவு கொடுத்தால் அது தேறத்தானே செய்யும்? மாறாக, வெர்மான்டின் அஸ்கட்னி மலையில் முதிர்ந்த மரங்களுக்கு ஆண்டுதோறும் தொடர்ந்து தழைச்சத்து இட்டதில் குளிர்ச் சேதம் அதிகமாயிற்று. ஆகவே தழைச்சத்து நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பொட்டாஷுக்கும் இதே கணக்குத்தான். சாம்பல் சத்துப் பற்றாக்குறை உள்ள மண்ணில் அதை இட்டால் மரம் குளிரைத் தாங்கும். போதுமான அளவு இருக்கும்போது மேலும் மேலும் கொட்டினால் குளிருக்குக் கூடுதல் காப்புக் கிடைப்பதில்லை. அளவு மீறினால் வேர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுப்பது குறைந்து எதிர்விளைவும் உண்டாகலாம். நுண்ணூட்டச் சத்துகளில் போரானைக் குறிப்பிட வேண்டும். பின்லாந்தில் ஸ்ப்ரூஸ் காடுகளில் போரான் குறையும்போது நுனிக்குருத்து கருகி, மரம் புதர்போல் கிளைக்கிறது. பார்ப்பவர்கள் பனி அடித்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

சிவப்பு ஸ்ப்ரூஸுக்கு இப்போது நல்ல காலம் திரும்பியிருக்கிறது. 1990-ல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்ட பின் கந்தகப் புகை வெகுவாகக் குறைந்தது. 2000-க்குப் பிறகு பல மலைகளில் மரங்கள் மீண்டும் பருத்து வருகின்றன. மண்ணில் கால்சியம் சேர்வதுதான் மெதுவாக நடக்கிறது.

நம் மலைகளுக்கு வருவோம். நீலகிரியில் உறைபனி, மேகமற்ற இரவில் தாழ்வான பள்ளங்களில் இறங்குவது. தேயிலையும் உருளைக்கிழங்கும் ஸ்ப்ரூஸைப்போல் குளிர்காலத்துக்கென்று தூங்கித் தயாராகிற பயிர்களல்ல. அவற்றை உரத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது. ஆனால் மழையில் சுண்ணாம்புச் சத்துக் கழுவப்பட்ட அமில மண் நம்மிடமும் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் கவாத்தை ஒட்டி டோலமைட் இடும் பழக்கம் இதற்காகத்தான். அதையும் மண்ணைப் பரிசோதித்த பிறகே இட வேண்டும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை அமில நிலை தேவை. அதற்கு மேல் போக விட்டால் தேயிலையே வாடும். மாதிரி எடுக்கும்போது பள்ளத்து மண்ணையும் மேட்டு மண்ணையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனிப் பைகளில் எடுத்து அனுப்புங்கள்.